சேவூரில் நாளை மழை வருமா? போன் காட்டும் மழையும் காட்டில் பெய்யும் மழையும் ஏன் ஒத்துப்போவதில்லை?

திங்கட்கிழமை என்றால் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம். அறுவடை சீசனில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து கடலைக்காய் மூட்டைகள் வந்து இறங்கும். அதற்கு முந்தைய சில நாட்கள் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "மழை வருங்களா?"

கேட்பவர் கையில் போன் இருக்கும். போனில் மேகமும் மின்னலும் போட்ட படம் ஒன்று இருக்கும். பக்கத்தில் 60 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதை நம்பிச் செடி பிடுங்காமல் விட்டால் சொட்டு மழை இருக்காது. "இது சும்மா சொல்லுது"ன்னு மறுநாள் ஆளை விட்டுப் பிடுங்கினால், சாயங்காலம் கொட்டித் தீர்த்துவிடும். இது பல விவசாயிகளுக்கு நடந்த கதை.

அப்படியானால் வானிலை அறிக்கை பொய்யா? இல்லை. அது ஒன்றைச் சொல்கிறது, நாம் வேறொன்றாகப் புரிந்துகொள்கிறோம். சேவூர் போன்ற ஒரு ஊருக்கு அடுத்த சில நாட்களின் வானிலையைச் சரியாகப் படிப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுது, இந்தப் பக்கம் ஏன் காயுது?*

அவிநாசியில் இருந்து புளியம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது சேவூர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து அந்த மலையில் மோதுகிறது. மேலே ஏறும்போது காற்று குளிர்ந்து, ஈரம் மழையாகக் கொட்டிவிடுகிறது. கேரளா, நீலகிரி, வால்பாறை, சின்னக்கல்லாறு எல்லாம் நனைவது இப்படித்தான்.

மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்க இறங்க அது சூடாகி இன்னும் காய்ந்துபோகிறது. அதனால்தான் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சமவெளியை 'மழை மறைவுப் பகுதி' என்கிறார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் தங்குதடையின்றி வந்துவிடும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றில்தான்.

ஆக, ஜூலையில் 'கோவை மாவட்ட மலைப்பகுதிகளில் கனமழை' என்று செய்தி வந்தால் அது சேவூருக்கானது அல்ல. வால்பாறை கோவை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கு பெய்யும் மழைக்கும் சேவூர் வானத்துக்கும் இடையே ஒரு மலைத்தொடரே நிற்கிறது.

சேவூர் வட்டாரத்துக்கு மழை தருபவை முக்கியமாக இரண்டு. ஒன்று, ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் செப்டம்பர் வாக்கில் வரும் சாயங்கால இடிமழையும். இன்னொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாடு முழுமைக்கும் இந்தப் பருவத்தின் இயல்பான அளவு சுமார் 44 செ.மீ. கடலோர மாவட்டங்களோடு ஒப்பிட்டால் கொங்கு மண்டலத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைவுதான். அந்தக் குறைந்த மழையும் எந்த நாளில் வருகிறது என்பதில்தான் விவசாயியின் வருமானமே இருக்கிறது.

*போனில் தெரியும் 'சேவூர்' எது?*

போன் ஆப்பில் சேவூர் என்று தேடினால் ஒரு வெப்பநிலை, ஒரு மழைப் படம் வந்துவிடும். சேவூரில் யாரோ கருவி வைத்து அளந்து சொல்வதுபோல் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

வானிலை மாடல் என்பது சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடும் பெரிய கணக்கு. அது பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. இந்திய வானிலைத் துறை 2025 மே 26-ம் தேதி அறிமுகப்படுத்திய 'பாரத் முன்கணிப்பு அமைப்பில்' ஒரு கட்டத்தின் அளவு 6 கிலோமீட்டர். அதற்கு முன்பு அது 12 கிலோமீட்டர்.

6 கிலோமீட்டர் கட்டம் என்றால் சேவூரும் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். அந்தக் கட்டம் முழுவதற்கும் மாடல் சொல்வது ஒரே பதில். ஆனால் ஒரு இடிமேகம் நனைக்கும் இடம் சில கிலோமீட்டர்தான். ஊருக்கு வடக்கே இருக்கும் காடு குளமாகி நிற்கும், தெற்கே புழுதி பறக்கும். இதை எந்த மாடலாலும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல முடியாது.

தனியார் ஆப்கள் பலவும் ஏதாவது ஒரு உலகளாவிய மாடலின் கணக்கை எடுத்து அப்படியே காட்டுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு மாடலை எடுப்பதால்தான் ஒரே நேரத்தில் ஒரு ஆப் மழை என்கிறது, இன்னொன்று வெயில் என்கிறது.

ஊராட்சி அளவிலான அரசு முன்கணிப்பும் இப்போது இருக்கிறது. 2024 அக்டோபர் 24-ல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் புவி அறிவியல் அமைச்சகமும் சேர்ந்து கிராம ஊராட்சிகளுக்கான 5 நாள் வானிலை முன்கணிப்பைத் தொடங்கின. 'மேரி பஞ்சாயத்து' ஆப்பிலும் இ-கிராம்ஸ்வராஜ் தளத்திலும் ஊராட்சியின் பெயரைக் கொடுத்து வெப்பநிலை, மழை, காற்று, மேகமூட்டம் எல்லாம் பார்க்கலாம். இதுவும் மாடல் தரும் கணக்குதான் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

*'40 சதவீத மழை' என்றால் என்ன?*

பலரும் இதை மூன்று விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊரில் 40 சதவீத இடத்தில் மழை பெய்யும் என்பது ஒன்று. நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்பது இரண்டாவது. 50-க்குக் கீழே இருப்பதால் மழை வராது என்பது மூன்றாவது.

சரியான அர்த்தம் எளிமையானது. வானம் இதே மாதிரி இருக்கும் 10 நாட்களை எடுத்துக்கொண்டால், அதில் 4 நாட்களில் உங்கள் இடத்தில் மழை பெய்யும், 6 நாட்களில் பெய்யாது. அவ்வளவுதான். எவ்வளவு பெய்யும் என்று அந்த எண் சொல்லவே இல்லை. 80 சதவீதம் என்று போட்டுவிட்டு வெறும் தூறலோடு போகலாம். 30 சதவீதம் என்று போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வாய்க்காலை நிரப்பலாம்.

எனவே சதவீதத்தோடு மி.மீ. அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தால் அது 1 மி.மீ. மழை. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று கணக்கு.

*'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?*

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் சொற்கள் சும்மா அழகுக்காகப் போடுபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழை அளவு நிலையங்களில் 25 சதவீதம் வரைதான் மழை பதிவாகும் என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50 சதவீதம். இப்படியே படிப்படியாக ஏறி, 75 சதவீதத்துக்கு மேல் போனால் பரவலான மழை.

அதாவது 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்ற நாளில் நான்கில் மூன்று இடங்கள் காய்ந்தே கிடக்கும் என்பதும் அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது. சேவூரில் பெய்யவில்லை என்பதால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மழையின் அளவுக்கும் இதேபோல வரையறை உண்டு. 24 மணி நேரத்தில்:

• 2.5 முதல் 15.5 மி.மீ. வரை: லேசான மழை
• 15.6 முதல் 64.4 மி.மீ. வரை: மிதமான மழை
• 64.5 முதல் 115.5 மி.மீ. வரை: கனமழை
• 115.6 முதல் 204.4 மி.மீ. வரை: மிக கனமழை
• 204.4 மி.மீ.க்கு மேல்: அதி கனமழை

இந்த 24 மணி நேரம் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இன்று சாயங்காலம் பெய்த மழை நாளைய தேதியிட்ட பட்டியலில் வருவது இதனால்தான்.

கடைசிப் பிரிவுக்கு மேல் வரம்பு கிடையாது என்பதையும் கவனியுங்கள். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அதி கனமழை தொடங்கும் அளவைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். 21 செ.மீ.யும் அதி கனமழைதான், 95 செ.மீ.யும் அதி கனமழைதான்.

*மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு: மாவட்டத்துக்கா, நம்ம ஊருக்கா?*

பச்சை என்றால் எச்சரிக்கை ஏதும் இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகிவிடுங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம். மழை அளவை மட்டும் வைத்து இந்த நிறங்கள் முடிவாவதில்லை. பாதிப்பு எவ்வளவு இருக்கும், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது.

சேவூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: எச்சரிக்கை மாவட்ட வாரியாக வருகிறது. திருப்பூர் மாவட்டத்தின் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கே அமராவதி, திருமூர்த்தி அணைகள் இருக்கும் ஆனைமலை அடிவாரம். வடக்கே அவிநாசி, சேவூர். தெற்கு மலைப்பகுதியை மனதில் வைத்துத் தரும் மஞ்சள் எச்சரிக்கையும் மொத்த மாவட்டத்துக்கும் மஞ்சளாகவே தெரியும். அறிக்கையில் 'மலைப்பகுதிகள்', 'மலையை ஒட்டிய பகுதிகள்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்காக 'நமக்கெல்லாம் வெள்ளம் வராது' என்று இருந்துவிடவும் முடியாது. 2011 நவம்பரில் திருப்பூரில் ஒரே இரவில் பெய்த பெருமழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருக்கெடுத்து, கரையோர வீடுகளை அடித்துச் சென்றன. உயிர்கள் போயின. புயல் கடலோரத்துக்கு மட்டும்தான் என்ற எண்ணமும் தப்பு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்த பிறகும் உள்ளே நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அது கரையைக் கடந்தபின் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் கொங்கு மாவட்டங்களும் பார்க்க வேண்டும்.

*எத்தனை நாள் வரை நம்பலாம்?*

முன்கணிப்பு என்பது டார்ச் வெளிச்சம் மாதிரி. பக்கத்தில் தெளிவு, தூரம் போகப் போக மங்கல்.

அடுத்த 3 மணி நேரம்: இதுதான் மிகத் துல்லியமானது. ரேடாரும் செயற்கைக்கோளும் ஏற்கெனவே உருவாகிவிட்ட மேகத்தைப் பார்த்துச் சொல்வது. 'அடுத்த 3 மணி நேரத்தில் திருப்பூர் மாவட்டத்தில் இடியுடன் மழை' என்று வந்தால் களத்தில் காயும் காயை மூடிவிடுவது நல்லது.

1 முதல் 2 நாள்: பெருமளவு நம்பலாம். எந்த ஊர் என்பதில் மட்டும் தவறலாம்.

3 முதல் 5 நாள்: ஈரமான நாட்களா, காய்ந்த நாட்களா என்ற போக்கு தெரியும். வேலையைத் திட்டமிட இது போதும். ஆனால் தினமும் மாறும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும்.

7 நாளுக்கு மேல்: சில ஆப்கள் '12-வது நாள் மதியம் 3 மணிக்கு மழை' என்று காட்டும். அதைப் பார்த்துக் கல்யாணத்துக்குப் பந்தல் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள். அந்த நாள் நெருங்குவதற்குள் அந்தக் கணக்கு பல தடவை மாறிவிடும்.

*கடலைச் செடியைப் பிடுங்கலாமா, வேண்டாமா?*

ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலை முற்றும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன. இங்கேதான் வானிலை அறிக்கை பணமாக மாறுகிறது.

மழையே இல்லாவிட்டாலும் சிக்கல். மண் இறுகிவிடும், செடியைப் பிடுங்கினால் காய் மண்ணுக்குள் அறுந்து தங்கிவிடும். ஆகவே அறுவடைக்கு முன் ஒரு லேசான மழை வரம். அதே மழை தொடர்ந்து பெய்தால் வினை. கொத்து ரகங்களில் முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கிப் போட்ட பிறகு நனைந்தால் காயில் பூஞ்சணம் பிடிக்கும். அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாவது இந்தப் பூஞ்சணத்தால்தான். ஓடு கறுத்த காய்க்கு ஏலத்தில் விலையும் இறங்கும். மாட்டுக்குப் போட வேண்டிய கொடியும் அழுகிப்போகும்.

சேமிப்புக்குக் காயின் ஈரப்பதம் 8 முதல் 9 சதவீதத்துக்குள் வர வேண்டும். அதற்குத் தொடர்ந்து சில நாள் நல்ல வெயில் தேவை. எனவே கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்க வேண்டும். 'நாளைக்கு மழை வருமா?' என்பதைவிட, 'பிடுங்கியதில் இருந்து காயும் வரை தொடர்ந்து மூன்று, நான்கு காய்ந்த நாட்கள் கிடைக்குமா?' என்பதுதான் சரியான கேள்வி. 5 நாள் முன்கணிப்பு பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அதுதான்.

ஒரு செடியைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். உட்பக்கம் கறுத்திருந்தால் காய் முற்றிவிட்டது. முற்றிய பிறகு 5 நாளும் ஈரம் என்று காட்டினால், அதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் பிடுங்கிக் கூரைக்கு அடியில் பரப்புவது ஒரு வழி. இன்னும் முற்றவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், ஈரம் கடக்கும்வரை விடலாம். வேளாண் வானிலை ஆலோசனை வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது. 'மேக்தூத்' ஆப்பில் மாவட்டத்தைத் தேர்வு செய்து அதைப் பார்க்கலாம்.

*தறி ஓட்டுபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?*

அவிநாசி வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிகள் நிறைய. இவர்களுக்கு அறிக்கையில் முக்கியமான வரி மழை அல்ல, காற்றின் ஈரப்பதம்.

பருத்தி நூல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் நூல் வலுவாகும், இறங்கினால் முறுமுறுத்து அறுந்துபோகும். ஒவ்வொரு முறை பாவு நூல் அறும்போதும் தறி நிற்கும், கூலி நிற்கும். மழைநாளில் தறி 'நல்லா ஓடுது' என்று சொல்வதற்கும், காற்று வறண்ட கோடை மதியத்தில் இழை இழையாக அறுவதற்கும் காரணம் இதுதான். வறண்ட நாட்கள் வருகின்றன என்று தெரிந்தால் கொட்டகைக்குள் தண்ணீர் தெளிப்பது, ஜன்னலைச் சாத்துவது போன்ற வேலைகளை முன்கூட்டியே செய்துகொள்ளலாம்.

பனியன் துணியில் இது எடைக் கணக்காகவே வந்துவிடுகிறது. பின்னலாடைத் துணி கிலோவில்தான் கைமாறும். பருத்திக்கு வணிகத்தில் ஏற்கப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். அடைமழை வாரத்தில் எடை போட்ட துணியும், வெயில் வாரத்தில் எடை போட்ட அதே துணியும் ஒரே எடையில் நிற்காது.

*மழையே பெய்யாமல் சேவூர் பக்கம் குளம் நிரம்புமா?*

நிரம்பலாம். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் வந்த பிறகு இந்த வட்டாரத்து மக்கள் பார்க்க வேண்டிய வானம் இன்னொன்றும் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 17-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த இந்தத் திட்டம், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை இணைக்கிறது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் தண்ணீரை 6 நீரேற்று நிலையங்கள் மூலம் மேலேற்றிக் குழாயில் அனுப்புகிறார்கள். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்களுக்கு, மொத்தம் 1.5 டி.எம்.சி. என்பது கணக்கு.

இதில் 'உபரி' என்ற சொல்தான் முக்கியம். ஆற்றில் உபரி வந்தால்தான் தண்ணீர். பவானிக்கு நீர் வருவது நீலகிரி பக்கத்து மலைகளில் இருந்து. அதாவது, ஜூலையில் சேவூருக்குச் சம்பந்தமில்லை என்று மேலே சொன்ன அதே நீலகிரி மழை, இப்போது சேவூர் வட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தோடு சம்பந்தப்பட்டுவிட்டது. மழை மறைவுப் பிரதேசத்துக்கு மலைக்கு மேலே பெய்யும் மழை இப்போது குழாய் வழியாக வருகிறது.

*இடி, மின்னல் நேரத்தில்*

சேவூர் பக்கத்து மழையில் பெரும்பகுதி இடியோடு வருவது. மின்னல் தெரிந்து இடி கேட்பதற்குள் எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் தூரம். இடி காதில் கேட்கிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் அருகில் விழும் மின்னலை எச்சரிக்கும். தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பில் தமிழிலேயே எச்சரிக்கை வரும். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

*சுருக்கமாக: தினமும் இரண்டு நிமிடம்*

1. காலையில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய அறிக்கையில் திருப்பூர் மாவட்டம் வருகிறதா, 'மலைப்பகுதிகள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.
2. 'ஓரிரு'வா, 'ஒருசில'வா என்று கவனியுங்கள்.
3. சதவீதத்தோடு மி.மீ. அளவையும் பாருங்கள்.
4. ஒரே நாளைப் பார்க்காமல் 5 நாள் போக்கைப் பாருங்கள்.
5. மதியத்துக்கு மேல் '3 மணி நேர' எச்சரிக்கையைப் பாருங்கள்.

இன்னொரு யோசனை. அடிப்பாகம் தட்டையாக, பக்கங்கள் நேராக இருக்கும் பழைய டப்பா ஒன்றைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஒரு ஸ்கேல் விட்டு அளந்து, காலண்டரில் எழுதுங்கள். டப்பாவில் நிற்கும் தண்ணீரின் உயரமே அன்றைய மழையின் மி.மீ. அளவு. பக்கத்திலேயே முந்தைய நாள் ஆப் சொன்னதையும் எழுதி வையுங்கள். ஒரு சீசன் முடிவதற்குள், எந்த ஆப் உங்கள் காட்டுக்கு எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.